கைகுலுக்காத டிரம்மர்: உங்கள் நீல் பீர்ட் அனுபவம் என்ன?

ஸ்காபரோவாசி

கனடாவின் ரஷ் என்ற ராக் இசைக்குழுவின் டிரம்மர் நீல் பீர்ட்டோடு கைகுலுக்கிய யாரும் இங்கே இருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். மனுஷன் அதற்கு இடமே கொடுத்ததில்லை. கச்சேரிக்கு முன் ரசிகர்களைச் சந்திப்பது, படம் எடுத்துக்கொள்வது, கையெழுத்துப் போடுவது எல்லாம் குழுவின் மற்ற இருவரான கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் பார்த்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாதவரை நெடுநாள் காத்திருந்த நண்பர்போல நினைத்து நடிக்கத் தன்னால் ஆகாது என்று 'லைம்லைட்' பாட்டிலேயே எழுதிவிட்டார். ஆகவே நேரில் பார்த்த கதைதான் வேண்டும் என்றில்லை. அவர் வாசிப்போ எழுத்தோ உங்கள் வழியில் எங்கே குறுக்கிட்டது என்று சொல்லுங்கள்.

என் கதை இது. எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்தது கோப்பை கழுவும் வேலை. சமையலறை ரேடியோவில் எந்நேரமும் ராக் பாட்டு ஓடும். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் ரஷ்ஷின் 'டாம் சாயர்' வந்தால் போதும், தலைமைச் சமையல்காரர் கையிலிருந்த கரண்டியால் பானை விளிம்பில் அடிக்கத் தொடங்கிவிடுவார். பாட்டின் நடுவே தாளக் கணக்கு ஏழுக்கு மாறும். அங்கே அவர் ஒவ்வொரு முறையும் தடுமாறுவார். தடுமாறிவிட்டு ரேடியோவைத் திட்டுவார். "எங்கள் ஊர்ப் பொடியன்கள்" என்று பெருமையாகவும் சொல்வார்.

கெடி லீயின் பெற்றோர் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பி வந்த போலந்து யூதர்கள், லைஃப்சனின் பெற்றோர் சேர்பியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பதெல்லாம் பின்னால் வாசித்துத் தெரிந்துகொண்டது. அகதிக் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்த எனக்கு அது சும்மா கடந்துபோகிற செய்தியாக இருக்கவில்லை.

பீர்ட் இங்கத்தையவர்தான். 1952இல் ஹாமில்டனில் பிறந்து செயின்ட் கேத்தரின்ஸில் வளர்ந்தவர். 18 வயதில் பெரிய ஆளாகிவிடலாம் என்று லண்டனுக்குப் போய், கார்னபி தெருவில் நினைவுப்பொருள் விற்று, ஒன்றும் சரிவராமல் திரும்பி வந்தார். அப்பாவின் விவசாய இயந்திரக் கடையில் உதிரிப்பாகப் பகுதியில் வேலை. 1974 ஜூலையில் ஒரு சின்ன ஃபோர்ட் பின்டோ காருக்குள் டிரம்ஸை அடைத்துக்கொண்டு ரஷ் நடத்திய தேர்வுக்கு வந்தார். லீக்கு உடனே பிடித்துவிட்டது. லைஃப்சனுக்கு அவ்வளவு நிச்சயமில்லை. சேர்ந்து இரண்டு கிழமை கழித்து பிட்ஸ்பர்க்கில் முதல் மேடை, 11,000 பேருக்கு மேல் கூட்டம். பாட்டு எழுதும் வேலை அவர் தலையில் விழுந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. மற்ற இருவருக்கும் அதில் ஆர்வமில்லை, இவர் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்தார்.


பியர்சன் இரவு ஷிப்ட்

நான் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றி இறக்குகிறவன். ரொறன்ரோவின் குறியீடு ஒய் ஒய் ஸெட். ஒரு ஷிப்டில் எத்தனை பெட்டியின் பட்டியில் அந்த மூன்றெழுத்தைப் பார்க்கிறேன் என்று கணக்கே இல்லை. அந்தப் பெயரில் ரஷ்ஷுக்கு ஒரு வாத்திய இசை இருக்கிறது என்று கூட வேலை செய்யும் ஒருவர் சொன்னபோது கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

விஷயம் இதுதான். லைஃப்சனுக்கு விமானம் ஓட்டத் தெரியும். ஒரு முறை அவர் ஓட்டிய சின்ன விமானத்தில் வரும்போது, விமான நிலையத்தின் வழிகாட்டிக் கருவி தன் குறியீட்டை மோர்ஸில், அதாவது நெடிலும் குறிலுமான ஒலிகளால் எழுத்தைச் சொல்லும் முறையில், அனுப்பிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருக்கிறது. அந்தத் தட்டலையே தாளமாக எடுத்துக்கொண்டார்கள். 1981இல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' தொகுப்பில் அது இருக்கிறது. தொடக்கத்தில் சின்ன வெண்கலத் தட்டுகளில் பீர்ட் தட்டுவது அப்படியே மோர்ஸ்தான்.

இனி என் மகளின் கதைக்கு வருகிறேன். அவள் மிருதங்கம் படிக்கிறாள். காரில் இதைப் போட்டேன். இரண்டாவது தரம் கேட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். ஒய் என்பது நெடில், குறில், நெடில், நெடில். நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று என்று வைத்தால் ஏழு. "தகிட தகதிமி" என்றாள். இரண்டு ஒய்க்கு இரண்டு முறை. ஸெட் என்பது நெடில், நெடில், குறில், குறில், அது "தகதிமி தக", ஆறு. ஏழும் ஏழும் ஆறும் இருபது. ஐந்து அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை. "அப்பா, இது கண்ட ஜாதி ஏக தாளம், இரண்டு ஏழைப் போட்டு மறைத்து வைத்திருக்கிறார்கள்" என்று முடித்தாள். தொடையில் கை போட்டுக் காட்டினாள், சமத்துக்குச் சரியாக வந்து விழுந்தது. மூன்று கனடாக்காரர்களுக்கும் கண்ட ஜாதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விமான நிலையம் கொடுத்த கணக்கு அது.


பழைய கிட்டார்

இழையைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்கு பீர்ட் வாசிப்பு ஒட்டியதே இல்லை. லெட் செப்பலின் குழுவின் டிரம்மர் ஜான் பானமைக் கேளுங்கள். ஒரு அடி கொஞ்சம் பின்தங்கி விழும், அந்தத் தாமதத்தில்தான் சுகமே. பீர்ட் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்து வாசிக்கிற ஆள். இசைத்தட்டில் என்ன உருட்டல் வந்ததோ அதே உருட்டல் அதே இடத்தில் மேடையிலும் வரும். நாற்பது டிரம் சுற்றி வைத்துக்கொண்டு எதற்கு? பரீட்சை எழுதுகிற மாதிரி ஒரு வாசிப்பு.


மிசிசாகா டிரம்ஸ் வகுப்பு

அண்ணை, நீங்கள் சொல்வதில் பாதி சரி. எழுதி வைத்துத்தான் வாசித்தார், அதை அவரே மறைத்ததில்லை. ரசிகன் தட்டில் கேட்டதை எதிர்பார்த்து வருகிறான், அதைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் கல்யாண வீடுகளில் லைட் மியூசிக்குக்கு வாசிக்கிறவன். பழைய பாட்டில் ஒரு உருட்டலை மாற்றி வாசித்தால் முன் வரிசையில் இருக்கிற மாமாவின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

மற்றப் பாதிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். விறைப்பாக வாசிக்கிறோம் என்ற குறை முதலில் அவருக்கே இருந்தது. 1994இல், பட்டி ரிச் என்ற ஜாஸ் டிரம்ஸ் மேதையின் நினைவாக ஒரு தொகுப்பைத் தயாரித்தார். பல டிரம்மர்கள் வந்து வாசித்தார்கள். அதில் ஒருவரின் வாசிப்பு முன்பைவிடத் தளர்ந்து அழகாக இருப்பதைக் கவனித்து விசாரித்திருக்கிறார். ஃபிரெடி க்ரூபர் என்ற வாத்தியாரிடம் போனேன் என்று பதில் வந்தது. உலகமே வாத்தியார் என்று கூப்பிட்ட பீர்ட், நாற்பது வயதுக்கு மேல், போய் அந்தக் கிழவரின் முன் உட்கார்ந்தார்.

க்ரூபர் சொல்லிக்கொடுத்தது புதுச் சொற்கட்டு எதுவும் இல்லை. அடி விழுந்த பிறகு குச்சி என்ன செய்கிறது என்று பார் என்றார். இரண்டு அடிக்கு நடுவில் கை எப்படி எழுகிறது, எந்த வட்டத்தில் திரும்புகிறது, அதுதான் பாடம். இடது கைப் பிடியை மாற்றினார் பீர்ட். இரண்டு குச்சியையும் ஒரே மாதிரிப் பிடித்துப் பேர் வாங்கியவர், உள்ளங்கை மேலே பார்க்கும் பழைய ஜாஸ் பிடிக்குப் போனார். முப்பது வருஷப் பழக்கத்தைக் கை விட வேண்டும் என்றால் சும்மாவா? என்னிடம் வரும் பதினாறு வயதுப் பிள்ளைகள் ஸ்டூலின் உயரத்தை மாற்றச் சொன்னாலே முகத்தைத் தூக்குகிறார்கள். அவர் வீட்டின் அடித்தளத்தில் தினமும் உட்கார்ந்து மாதக்கணக்கில் பழகி, 1996இல் 'டெஸ்ட் ஃபார் எக்கோ' தொகுப்புக்கு அந்தக் கையோடு வாசித்தார். அதையும் அதற்கு முந்திய தொகுப்பையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

2012இல் வந்த 'க்ளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' தொகுப்பின் பதிவில் எழுதி வைப்பதையே விட்டுவிட்டார். தயாரிப்பாளர் முன்னால் நின்று குச்சியால் இடம் காட்டினார், இவர் மனோதர்மத்தில் வாசித்தார். அப்போது வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. உங்கள் பானமை நானும் கேட்கிறேன், அதில் சண்டை இல்லை.


பழைய கிட்டார்

சரி தம்பி, 2012 தொகுப்பைக் கேட்டுவிட்டு வருகிறேன். நாற்பது டிரம்முக்கு மட்டும் பதில் வரவில்லை.


நாலு பூச்சியம் ஒன்று

401 நெடுஞ்சாலையில் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் நடுவே கனரக ட்ரக் ஓட்டுகிறேன். பிரைட்டன் என்று ஒரு சின்ன ஊர் வரும். 1997 ஆகஸ்ட் 10ஆம் தேதி அந்தப் பக்கத்தில்தான் பீர்ட்டின் மகள் செலினா கார் விபத்தில் இறந்தாள். 19 வயது, ரொறன்ரோவில் பல்கலைக்கழகம் தொடங்கப் போகிறாள், தனியாக ஓட்டிப் போயிருக்கிறாள். ஒரு வருஷம் முடிவதற்குள் தாய் ஜாக்கியைப் புற்றுநோய் கொண்டுபோனது. நெஞ்சு உடைந்துதான் அவள் போனாள் என்று பீர்ட் சொன்னார். மகளின் இறுதிச் சடங்கிலேயே மற்ற இருவரிடமும், என்னை ஓய்வு பெற்றவனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்.

நம் வீடுகளில் ஒரு சாவு என்றால் எட்டு, முப்பத்தொன்று என்று சனம் வந்துகொண்டே இருக்கும். சமைத்துக்கொண்டு வருவார்கள், கிரிகைக்குப் பொருள் தேடி அலைவோம், அந்த அலைச்சலில் நாள் ஓடும். அந்த மனுஷன் என்ன செய்தார் என்றால், 1998 ஆகஸ்டில் பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளில் ஏறிப் புறப்பட்டுவிட்டார். கியூபெக்கிலிருந்து மேற்கே, வடக்கே ஆர்க்டிக் பக்கம், அலாஸ்கா, பிறகு தெற்கே மெக்சிகோ, பெலீஸ். 14 மாதத்தில் 88,000 கிலோமீட்டர்.

அதைப் பற்றி அவர் எழுதிய 'கோஸ்ட் ரைடர்' புத்தகத்தை ட்ரக்கில் படுக்கும் இடத்தில் வைத்திருக்கிறேன். இறந்தவர்களைப் பற்றி உருகி உருகி எழுதியிருப்பார் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாந்து போவீர்கள். எத்தனை கிலோமீட்டர், என்ன மழை, மோட்டலில் கட்டில் எப்படி, எண்ணெய் எங்கே மாற்றினார், வழியில் எந்தப் பறவையைப் பார்த்தார், இதுதான் பக்கம் பக்கமாக. நடுநடுவே, ஒரு ஊரின் பெயரோ ரேடியோவில் ஒரு பாட்டோ வந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். சிறையிலிருந்த ஒரு நண்பனுக்குக் கடிதம் எழுதுகிற இடங்களில்தான் மனசைத் திறக்கிறார். சாலையே கதி என்று இருப்பவனுக்கு இந்தப் புத்தகத்தில் பொய் ஒன்றும் தட்டுப்படவில்லை. கவலை உள்ள நாளில் நானும் தூரத்தைத்தான் எண்ணுகிறேன்.

2000இல் புகைப்படக் கலைஞர் கேரி நட்டலைக் கல்யாணம் செய்தார். 2001இல் குழுவோடு திரும்ப உட்கார்ந்தார். அடுத்த வருஷம் வந்த 'வேப்பர் ட்ரெயில்ஸ்' தொகுப்பைப் போட்டுப் பாருங்கள். முதல் பாட்டு கிட்டாரில் தொடங்கவில்லை, குரலில் தொடங்கவில்லை, அவர் டிரம்ஸில் தொடங்குகிறது. பிரைட்டனைக் கடக்கும்போது நான் அதைப் போடுவதில்லை. தாண்டிய பிறகு போடுவேன்.


நயாகரா பக்கம்

செயின்ட் கேத்தரின்ஸில் போர்ட் டல்ஹவுசி என்ற ஏரிக்கரைப் பகுதிக்குப் போயிருக்கிறீர்களா? 'லேக்சைட் பார்க்' என்று பாட்டே எழுதினாரே, அந்தப் பூங்கா அங்கேதான். கோடையில் சொந்தக்காரர் யார் வந்தாலும் நயாகரா நீர்வீழ்ச்சியைக் காட்டிவிட்டு, பீச் பழம் வாங்கிக்கொண்டு, மாலையில் பிள்ளைகளோடு அங்கே போய்விடுவோம். மரக்குதிரை ராட்டினம் ஒன்று இருக்கிறது, ஒரு சுற்றுக்கு இன்றைக்கும் 5 சென்ட்தான். ராட்டினத்துக்கு வெளியே ஐந்து சென்டுக்குக் கனடாவில் வேறு என்ன கிடைக்கும்?

பையனாக இருந்தபோது அந்தப் பூங்காவில் விளையாட்டுக் கடையில் நின்று வேலை பார்த்தவர் அவர். அதே ஏரியில் மூழ்கப் போய்ப் பிழைத்தவரும்கூட. 2020இல் ஊர் நகரசபை அங்குள்ள மண்டபத்துக்கு அவர் பெயரை வைத்தது. நாங்கள் அதன் நிழலில்தான் புட்டுப் பார்சலைப் பிரிப்போம்.


அரங்கக் கடைக்காரர்

2015 ஜூனில் ரொறன்ரோவின் ஏர் கனடா சென்டர் அரங்கில் ரஷ் வாசித்தபோது அங்கே உணவுக் கடையில் எனக்கு வேலை. நாற்பது வருஷக் கதையைப் பின்னாலிருந்து முன்னால் சொல்லிக்கொண்டு போனார்கள். புதுப் பாட்டில் தொடங்கி 1974க்குப் போய் முடிகிறது. போகப் போக மேடைச் சாமானையும் பணியாளர்கள் கழற்றிக்கொண்டே இருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு பீர்ட்டின் டிரம்ஸே மாறிவிட்டது. எழுபதுகளில் வைத்திருந்த செட்டைப் போலவே ஒன்று செய்வித்து, மணிகள் தொங்க வைத்திருந்தார். கிட்டார் அண்ணருக்குச் சொல்கிறேன், நிறையத்தான் இருந்தது, ஆனால் ஒன்றும் சும்மா நிற்கவில்லை.

அந்தச் சுற்றுப்பயணத்தில் அவருக்குக் காலில் தொற்று, நடக்கவே கஷ்டப்பட்டார் என்று பின்னால் வந்த செய்தி. மூன்று மணி நேரக் கச்சேரியில் எங்களுக்கு அது தெரியவில்லை.

அவரைக் கிட்டப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. கடைசிப் பாட்டு முடிந்து சனம் கத்திக்கொண்டிருக்கும்போதே ஆள் நேரே பேருந்தில் ஏறிவிடுவார், அது அவர் வழக்கம். பேருந்துக்குப் பின்னால் இழுவைப் பெட்டியில் மோட்டார் சைக்கிள் இருக்கும். எங்கேயாவது ஓய்விடத்தில் நிறுத்தித் தூங்கிவிட்டு, விடிய எழும்பிக் கிராமத்து ரோடுகளில் அடுத்த ஊருக்கு ஓட்டிப் போவார். மாலையில் மேடை. அந்த வயதில்.

லாஸ் ஏஞ்சலஸில் ஆகஸ்ட் 1ஆம் தேதிதான் கடைசிக் கச்சேரி. முடிந்ததும் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்து முன்னுக்கு வந்து மற்ற இருவரையும் தோளோடு அணைத்தார். மேடையின் முன்பக்கம் தன்னுடையது இல்லை என்று அத்தனை வருஷம் ஒதுங்கியே இருந்த மனுஷன். காணொளியில் லீயின் முகத்தைப் பாருங்கள்.


ஸ்காபரோவாசி

மூளையில் புற்றுநோய் வந்து மூன்றரை வருஷம் வெளியே தெரியாமலே இருந்தார். 2020 ஜனவரி 7இல் போய்ச் சேர்ந்து, 10ஆம் தேதிதான் உலகத்துக்குச் சொன்னார்கள். லீயிடமும் லைஃப்சனிடமும் அத்தனை காலம் எத்தனை பேர் குழுவைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்! வாயைத் திறக்கவே இல்லை. இந்த ஊரில் ஒரு செய்தி ஒரு கிழமை தாங்காது என்பது உங்களுக்குத் தெரியும்.


மிசிசாகா டிரம்ஸ் வகுப்பு

லீயும் லைஃப்சனும் ரஷ் பெயரில் போகும் 2026 சுற்றுப்பயணத்துக்கு யாராவது டிக்கெட் எடுத்தீர்களா? டிரம்ஸ் அனிகா நில்லெஸ் வாசிக்கிறார், ஜெர்மன்காரர், கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கோடு சுற்றியவர். பீர்ட் இல்லாமல் ரஷ்ஷா என்று என் நண்பர்கள் பாதிப் பேர் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போகிறேன். என் மாணவிகள் மூன்று பேர் இப்போதே கேட்டுவிட்டார்கள்.


பழைய கிட்டார்

விலையைப் பார்த்தேன், மூடிவிட்டேன். 2012 தொகுப்பைக் கேட்டேன். மூன்றாவது பாட்டு பரவாயில்லை.


மிசிசாகா டிரம்ஸ் வகுப்பு

மேடைக்கு நேரே எடுக்காதீர்கள் அண்ணை, பக்கவாட்டில் மேல் வரிசை பாருங்கள். மலிவு, டிரம்மரின் காலும் தெரியும்.