வினையூக்கி ஊக்குவது எதை? (ஒரு சொல் தேவை)

தக்கலையிலிருந்து:
வணக்கம். திங்கட்கிழமை செய்முறை வகுப்பு. மெத்திலீன் நீலம் கலந்த நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை மட்டும் விட்டால் நீலம் அப்படியே நிற்கிறது. அமிலம் சேர்த்து, பிஎச் 3 அளவில் வைத்து, ஒரு சிட்டிகை அன்னபேதி (இரும்பு சல்ஃபேட் உப்பு) போட்டால் நிறம் வெளுக்கிறது. 1894இல் ஃபென்டன் டார்டாரிக் அமிலத்தில் கண்ட வினைதான். நம் புளியில் இருக்கும் அதே அமிலம். இரும்பு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, பெராக்சைடு உடைகிறது, ஹைட்ராக்சில் தனி உறுப்பு (இணையில்லா எலக்ட்ரான் கொண்ட, வேகமாக வினைபுரியும் துகள்) பிறந்து சாயத்தைச் சிதைக்கிறது. வகுப்புக்காக அச்சிடும் குறிப்பில் இதை "வினையூக்கியால் ஆக்சிஜனேற்றியை ஊக்குவித்தல்" என்று எழுதினேன். இங்கே ஆக்சிஜனேற்றி என்பது பெராக்சைடு. ஒரே தொடரில் இரண்டு ஊக்கம்! ஊக்கப்படுவது வினையா, பெராக்சைடா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேறு சொல் தாருங்கள்.

குழித்துறையிலிருந்து:
டீச்சர், "ஏவல்" இருக்கிறதே. வினை தொடங்கத் தேவையான ஆற்றலை இலங்கையில் ஏவற்சக்தி என்றே படிக்கிறார்கள். ஏவல் வினை படித்த பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். ஆக்சிஜனேற்றியையும் விட்டுவிட்டு உயிர்வளியேற்றி என்று எழுதுங்கள். அன்னபேதி என்ற பெயரைப் பாருங்கள்: பேதித்தல் என்றால் பிளத்தல். வடசொல்தான், அறிவேன். ஆனால் சோற்றைப் பிளப்பது என்று பெயர் வாங்கிய உப்பு பெராக்சைடைப் பிளக்கிறது என்றால், பெயரிட்டவர்களை வணங்கத் தோன்றுகிறது.

கருங்கலிலிருந்து:
ஐயா, உயிர்வளியேற்றி பொருந்தாது. கோபால்ட்டைக் கொண்டு பெராக்சிமோனோசல்ஃபேட் என்ற வேறோர் ஆக்சிஜனேற்றியை உடைத்தால் வருவது சல்ஃபேட் தனி உறுப்பு. அது பெரும்பாலும் மாசிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது, உயிர்வளியை ஏற்றுவதில்லை. ஏவல் என்றால் நம் ஊரில் பில்லி சூனியத்தோடு சேர்ந்துதான் காதில் விழும். நீங்கள் சொன்ன ஏவற்சக்தி நம் பாடநூலில் கிளர்வு ஆற்றல் என்றே இருக்கிறது, "கிளர்த்தல்" போதும். தேங்காய் மட்டை ஊறிய கறுப்பு நீரிலும் பீனால் சேர்மங்கள் உண்டு. ஒரு குடுவை கொண்டுவந்து அதிலும் செய்து பாருங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து:
எலக்ட்ரான் மேல்மட்டத்துக்கு ஏறுவதும் கிளர்வு நிலைதானே? இரண்டும் கலந்துவிடும். குத்துவிளக்கை நினையுங்கள். எண்ணெயும் திரியும் விளக்கினுடையவை; தூண்டுகோல் திரியை நிமிர்த்திவிட்டு எரியாமல் வெளியே வருகிறது. "தூண்டல்" என்போம்.

கருங்கலிலிருந்து:
மின்காந்தத் தூண்டலை இயற்பியல்காரர்கள் விட்டுத்தர மாட்டார்கள். இரும்பும் தூண்டுகோல்போல மாறாமல் திரும்புவதில்லை. எலக்ட்ரானைக் கொடுத்து மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலைக்குப் போனது இரண்டாம் நிலைக்கு மெல்லத்தான் மீள்கிறது. மீளாதது துருநிறச் சேறாகப் படிகிறது.

தக்கலையிலிருந்து:
நாளை காலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். கிளர்வு ஆற்றல் பாடநூலிலேயே இருப்பதால் "ஆக்சிஜனேற்றியைக் கிளர்த்தல்" என்றே போடுகிறேன். தூண்டுகோலை வகுப்பில் வாய்மொழியாகச் சொல்வேன்.

குழித்துறையிலிருந்து:
போடுங்கள் டீச்சர். என் சொல் ஏவல்தான். அடுத்த பதிப்பின்போது மறுபடியும் எழுதுவேன்.