இன்டக்ஷன் அடுப்பு பின்னேரத்தில் மட்டும் இடையில் நின்றுவிடுகிறது. புட்டு அவிக்க முடியவில்லை, உதவி தேவை

வடலிவளவு (கோண்டாவில்):

எல்லோருக்கும் வணக்கம். இன்டக்ஷன் அடுப்பு வாங்கி மூன்று கிழமை ஆகிறது. ஒற்றை அடுப்பு, 2000 வாற்ஸ். காலையில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தால் ஒரு குறையும் இல்லை, காஸை விடக் கெதியாகக் கொதிக்கிறது. பின்னேரம் ஆறரை, ஏழு மணிக்குப் புட்டு அவிக்கத் தொடங்கினால்தான் வில்லங்கம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும். மறுபடி போட்டால் இரண்டு நிமிடம் ஓடும், பிறகும் அதே கதை.

நேற்று இரண்டாவது நீத்துப்பெட்டி (புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) அரை அவியலில் நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் காஸ் அடுப்பைப் பற்ற வைத்தார். ஏசியிருந்தால் கூடப் பரவாயில்லை.

வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்துக் காட்டி, பிழையே இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். பின்னேரத்தில் மட்டும் ஏன் இப்படி? இன்னொன்று: அம்மம்மா இதில் கதிர் வரும் என்று குசினிப் பக்கமே வருவதில்லை. அவருக்கு என்ன சொல்வது?

சுன்னாகத்தான்:

வோல்ட்டேஜ்தான். சந்தேகமே வேண்டாம். எங்களுக்கு 230 வோல்ட் வரவேண்டும், ஆனால் பின்னேரம் ஊரெல்லாம் லைற், ரீவி, தண்ணீர் மோட்டார் என்று போட்டால் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும்? எங்கள் வீட்டில் முந்தி ஏழு மணிக்கு ஃபேன் நடை பழகும். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்கள், சரியாகும்.

பழைய_வயர்மன்:

தம்பி, பொறுங்கள். 2000 வாற்ஸ் தாங்கும் ஸ்டெபிலைசரின் விலை அடுப்பின் விலையைத் தாண்டிவிடும். காசைச் செலவழிக்க முதல் வடிவாகப் பார்ப்போம்.

தங்கச்சி, நாலு விஷயம் சொல்லுங்கள். நிற்கும்போது முன்பக்க எழுத்து முழுதாக அணைந்துவிடுகிறதா, இல்லை ஏதாவது குறியைக் காட்டிக்கொண்டு நிற்கிறதா? நின்ற பிறகும் உள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்கிறதா? பிளக்கை எங்கே செருகியிருக்கிறீர்கள், சுவரிலா, நீட்டு வயரிலா? அடுப்பு எதன்மேல் இருக்கிறது, அதன்மேல் என்ன பாத்திரம் வைக்கிறீர்கள்?

எழுத்தும் விசிறியும் சேர்ந்து செத்தால் கரண்ட் வரும் வழியில் பிழை. எழுத்து நின்று விசிறியும் ஓடினால் அடுப்பு சூடு தாங்காமல் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது என்று எண்ணலாம்.

வடலிவளவு (கோண்டாவில்):

நன்றி அண்ணை. இன்று வேண்டுமென்றே பார்த்தேன். எழுத்து அணையவில்லை, ஒரு குறி காட்டுகிறது. விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. பிளக் சுவரிலுள்ள 13 அம்பியரில்தான், நீட்டு வயர் இல்லை. அடுப்பு நிற்கும்போது குசினி லைற் மங்கவும் இல்லை. அடுப்பு சாப்பாட்டு மேசையில், பூப்போட்ட ஒயில் கிளொத் விரிப்பின்மேல் இருக்கிறது.

பாத்திரம் அம்மாவின் பழைய அலுமினியப் புட்டுப் பானை. அதை நேரே வைத்தால் அடுப்பு ஏற்பதில்லை. அதனால் இரும்புத் தோசைக்கல்லை வைத்து அதன்மேல் பானையை வைக்கிறேன். தண்ணீர் மெல்ல மெல்லக் கொதிக்கும். இது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை, அதுதான் முதலில் எழுதவில்லை.

பழைய_வயர்மன்:

பிடிபட்டது! கள்ளன் அந்தத் தோசைக்கல்தான்.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும். அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஒரு செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் கரண்ட் செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருவது. அடுப்பு அதை 20,000 தடவைக்கு மேல் போய்வருவதாக ஆக்கிச் சுருளுக்கு அனுப்பும். அவ்வளவு வேகமாக மாறும் காந்தப்புலம் சட்டியின் அடியில் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்பும். அந்த ஓட்டம் உலோகத்தின் தடையில் மோதிச் சூடாகிறது. ஆகவே அடுப்பு சுடுவதில்லை, சட்டிதான் சுடுகிறது. கண்ணாடியில் இருக்கும் சூடு சட்டியிலிருந்து திரும்பி வந்த சூடு.

இது 1831இல் மைக்கேல் ஃபரடே கண்டது. நாங்கள் அதைப் புத்தகத்தில் படிக்க முதலே சைக்கிள் டைனமோவில் கண்டவர்கள். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளை நிறுத்தி மிதித்து டைனமோவில் ரேடியோ கேட்டோமே! அதில் காந்தம் சுற்றச் சுருளில் கரண்ட் வந்தது. இதில் சுருளின் காந்தப்புலம் மாற, சட்டியில் கரண்ட் வருகிறது.

அலுமினியத்திலும் கரண்ட் ஓடும். ஆனால் அது நல்ல கடத்தி, அரை மில்லிமீற்றர் ஆழம் வரை பரவி லேசாக ஓடிவிடும், தடை போதாது. இரும்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீற்றர் கனமான மேற்படையில் நெருக்குப்பட்டு ஓடுவதால்தான் அப்படிக் கொதிக்கிறது. அலுமினியப் பானையை வைத்தால் 'சட்டி இல்லை' என்றே அடுப்பு நினைக்கும்.

இனி உங்கள் தோசைக்கல். தண்ணீர் நேரே மேலே இருக்கும் சட்டியின் அடி 100 பாகையைப் பெரிதாகத் தாண்டாது, தண்ணீர் சூட்டை இழுத்துக்கொள்ளும். தோசைக்கல்லுக்கும் பானைக்கும் நடுவே காற்று இருக்கிறது. பழைய பானையின் அடி சமமாகவும் இராது. கல்லில் பிறக்கும் சூடு மேலே போக வழியில்லாமல் தேங்கும். கல் 200 பாகையைத் தாண்டும், கண்ணாடி சுடும், கண்ணாடிக்கு அடியில் தொட்டுக்கொண்டிருக்கும் வெப்ப உணரி 'போதும்' என்று நிறுத்தும். காலையில் வராததற்குக் காரணம், தேத்தண்ணி ஐந்து நிமிட வேலை, தோசைக்கல்லும் இல்லை. புட்டு அரை மணித்தியாலத்துக்கு மேல். ஏழு மணிக்கும் இதற்கும் தொடர்பில்லை தங்கச்சி. சுன்னாகத்தான் கோபிக்க வேண்டாம், உங்கள் ஊர் வோல்ட்டேஜ் எனக்கும் தெரியும்.

அந்த ஒயில் கிளொத்தையும் எடுங்கள். விசிறி காற்றைக் கீழிருந்துதான் இழுக்கிறது. விரிப்பு மெல்ல எழும்பித் துவாரத்தில் ஒட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் மின்னணுப் பகுதிகள் வேகும். சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அம்மம்மாவுக்கு: இது எக்ஸ்ரே மாதிரியான கதிர் இல்லை, காந்தப்புலம். ஓரடி தள்ளினாலே மிகவும் குறைந்துவிடும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் மட்டும் இரண்டடியாவது விலகியிருக்கச் சொல்லி, டாக்டரிடமும் கேளுங்கள்.

குசினிக்காரி:

அடுத்தது, பானைக்கு என்ன வழி? ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போங்கள். பாத்திரத்தின் அடியில் இறுக்கமாக ஒட்டினால் வாங்குங்கள். பக்கத்தில் ஒட்டி அடியில் ஒட்டாததும் உண்டு, அடியைத்தான் பார்க்க வேண்டும். எவர்சில்வர் என்றால் போதும் என்று நினைக்க வேண்டாம், நிக்கல் கூடின வகையில் காந்தம் ஒட்டாது. நான் அப்படி ஒரு சட்டி வாங்கி ஏமாந்து இப்போது அதில் அரிசி போட்டு வைத்திருக்கிறேன்.

புட்டுக்கு அகன்ற தட்டையான அடியும் ஒடுங்கின வாயும் உள்ளது தேவை, நீத்துப்பெட்டியின் கூர்ப்பக்கம் வாயில் இறுக்கமாக இருக்க வேண்டுமே. கிடைக்காவிட்டால் சற்று அகலமான வாயுள்ளதை எடுத்து, பெட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டுங்கள், ஆவி வெளியே போகாது. அடி 12 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் பல அடுப்புகள் ஏற்காது, சின்னப் பால்சட்டி இதில் சரிவராது. வளைந்த அடித் தாச்சியும் மண்சட்டியும் அப்படியே. தேங்காய்ப்பால் விட்ட சொதிக்கு மட்டும் இன்டக்ஷனை நான் விடமாட்டேன், சூட்டைக் குறைத்தவுடன் குறையும். காஸில் ஒரு கண் சிமிட்டுவதற்குள் பால் திரைந்துவிடும்.

கணக்குவாத்தி:

இடையில் குறுக்கிடுகிறேன். எல்லோரும் இது லாபமா என்று கேட்பார்கள். 30 பாகையில் இருக்கும் ஒரு லீற்றர் தண்ணீரை 100க்குக் கொண்டுவர 0.08 யூனிட் போதும். இன்டக்ஷனில் ஏறக்குறைய 85 வீதம் சட்டிக்குப் போகும், ஆகவே 0.1 யூனிட். காஸில் நாற்பது வீதம் சட்டிக்குப் போனால் அதுவே பெரிது, மிச்சம் குசினியைச் சுடும். 12.5 கிலோ சிலிண்டரில் உள்ள சூடு ஏறக்குறைய 160 யூனிட். அதில் பயன்படுவதை இன்டக்ஷனில் எடுக்க 75 முதல் 80 யூனிட் தேவை. உங்கள் கரண்ட் பில்லில் கடைசி யூனிட்டின் விலையை 75ஆல் பெருக்கிச் சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். கடைசி யூனிட்டின் விலைதான், ஏனென்றால் யூனிட் கூடக் கூட அதன் விலையும் ஏறும். மாதம் 60 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டை இது அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும்.

சுன்னாகத்தான்:

சரி சரி, தோசைக்கல் வென்றது. ஆனால் காஸ் அடுப்பை ஒருவரும் விற்க வேண்டாம். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றோம், கரண்டும் ஒரு கட்டத்தில் 13 மணித்தியாலம் போனது. ஒன்று இல்லாவிட்டால் மற்றது வேண்டும்.

வடலிவளவு (கோண்டாவில்):

எல்லோருக்கும் நன்றி. ஒயில் கிளொத்தை எடுத்தாயிற்று. சனிக்கிழமை காந்தத்தோடு போய், ஆறாவது கடையில் அடியில் ஒட்டும் எவர்சில்வர் பானை ஒன்று கிடைத்தது. வாய் கொஞ்சம் அகலம், குசினிக்காரி அக்கா சொன்னபடி ஈரத்துணி கட்டினேன். நேற்று ஏழு மணிக்கு மூன்று பெட்டி அவித்தேன், நாற்பது நிமிடம், ஒரு தடவை கூட நிற்கவில்லை. கொதித்த பிறகு 800க்குக் குறைத்தேன். அடுப்புக்கு முன்னும் பின்னும் மீற்றரைப் பார்த்தேன், முக்கால் யூனிட் கூட ஓடவில்லை.

அம்மம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். நெருப்பில்லாமல் அவிந்த புட்டைச் சாப்பிட்டுவிட்டு, தேங்காய்ப்பூ போதாது என்றார். பழைய பானையை அம்மா எறியவில்லை, கழுவிப் பரணில் வைத்திருக்கிறார்.