தேங்காய் வாசம் வந்தால் எசன்ஸா?

தீவுக்காரன்: ஸ்பெயின் நாட்டு ரியோஹா ரெட் வைனில் தேங்காய் வாசம் வந்தால் எசன்ஸ் கலந்திருக்கிறார்களாம். பாங்சார் மணி நேற்று தீர்ப்பு எழுதிவிட்டார். படித்ததும் எனக்குக் காப்பி புரையேறியது. ஐயா, அது வைனை ஊறவைக்கும் அமெரிக்க ஓக் மரப் பீப்பாயின் வாசம். தேங்காய் வாசம் தரும் லாக்டோன் என்ற பொருள் அதில் பிரெஞ்சு ஓக்கைவிடத் தூக்கல். நீங்கள் வாங்கியது கிரான் ரிசர்வா, நீண்ட நாள் ஊறிய ரகம்; அப்படி லேபிளில் போட 225 லிட்டர் பீப்பாயில் குறைந்தது 2 வருடம் கிடக்க வேண்டும். அவ்வளவு நாள் மரத்தில் ஊறியது மல்லிகையா மணக்கும்?

பாங்சார் மணி: மரம் எங்கேயாவது தேங்காய் மணக்குமா? 180 வெள்ளி கொடுத்து வாங்கினேன். திறந்தால் நாசி லெமாக் சட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. துருவிய தேங்காய். எசன்ஸ்தான்.

செந்தூல் செல்வி: துருவியதா, கொப்பரையா? எனக்குக் கொப்பரைதான் வந்தது, கூடவே வெனிலா.

தீவுக்காரன்: செல்விக்கு மூக்கு இருக்கிறது. வெனிலாவும் மரம் கொடுப்பதுதான். பீப்பாய் செய்யும்போது உள்பக்கம் நெருப்புக் காட்டுவார்கள், அந்தச் சூட்டில் மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து, வெனிலா வாசம் தரும் வெனிலின் வரும். அப்புறம் மணி, எத்தனை டிகிரியில் குடித்தீர்கள்? 'ரூம் டெம்பரேச்சர்' என்றால் ஐரோப்பாக்காரன் ரூம், 16, 18 டிகிரி. உங்கள் பாங்சார் ஹால் இல்லை. நம் ஊர்ச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

பாங்சார் மணி: எங்கள் ஹாலில் ஏர்கோன் இருக்கிறது, பினாங்கு வாத்தியாரே. கொப்பரை என்றால் என்னவென்று எனக்கா தெரியாது? எங்கள் பாட்டி தோட்டத்தில் கொப்பரை காயப்போட்டவர். இது துருவிய தேங்காய்.

கிள்ளான்வாசி: பீப்பாய்க்குப் பதில் ஓக் சிப்ஸ், அதாவது ஓக் மரத் துண்டுகள், போட்டு வைனை ஊறவைக்க ஐரோப்பாவிலேயே 2006-இல் அனுமதி கொடுத்துவிட்டார்களே. அப்படியென்றால் மணி சொல்வதில் பாதி...

தீவுக்காரன்: பாதியும் இல்லை, கால்வாசியும் இல்லை. கிரான் ரிசர்வாவுக்குப் பீப்பாய்தான் விதி என்று மேலேயே எழுதினேன். படிக்காமல் குறுக்கே வராதீர்கள். சிப்ஸும் மரம்தான், எசன்ஸ் இல்லை. போன தீபாவளிக்கு என் வீட்டில் ரெட் வைனில் ஐஸ் போட்டுக் குடித்தவர்கள் எல்லாம் இன்று வாசம் பிடிக்கிறார்கள்.

பாங்சார் மணி: ஐஸ் போட்டது என் மச்சான்.

தீவுக்காரன்: கிளாஸ் உங்கள் கையில் இருந்தது.

செந்தூல் செல்வி: அந்த விருந்துக்கு என்னை மட்டும் கூப்பிடவில்லை. ஞாபகம் இருக்கிறது.

பாங்சார் மணி: பாதிப் போத்தல் இன்னும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து முகர்ந்து பாருங்கள். துருவிய தேங்காய்!

தீவுக்காரன்: திறந்து எத்தனை நாள்?

பாங்சார் மணி: எட்டு நாள். அதற்கென்ன இப்போ?