இமிகிரேஷன், எமிகிரேஷன் ரெண்டும் ஒண்ணா? அப்புறம் அகதின்னு யாரைச் சொல்றது?

உச்சிப்புளி தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். மச்சான் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குக் கிளம்புறாரு, பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு போட்டுருக்கு. ஈசிஆர்னா எங்களுக்குத் தெரிஞ்சது தொண்டி பக்கம் போற ரோடு மட்டும் தான். ஏஜென்ட் ஒரு நாள் எமிகிரேஷன் முடிக்கணும்ங்கிறாரு, மறுநாள் இமிகிரேஷன்ங்கிறாரு, ரெண்டும் ஒண்ணா வேற வேறயா?

இன்னொண்ணு. எங்கம்மா சின்னப்புள்ளையா இருக்கும்போது 1973ல இலங்கைத் தலைமன்னார்லேர்ந்து கப்பல்ல ராமேஸ்வரம் வந்து இறங்குனவங்க, தாத்தா கண்டி பக்கம் தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்தவரு. ஊர்ல இன்னைக்கும் எங்களை அகதி வீடுன்னு தான் சொல்றாங்க. நாம அகதி இல்லடான்னு அம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்க. அப்ப என்ன தான் சொல்றது?

கீழக்கரை சபுராளி:
வேற வேற தம்பி. எ போட்டா எழும்பிப் போறது, இ போட்டா இங்க வர்றது, நான் அப்படித் தான் மனசுல வச்சுருக்கேன். மச்சான் நம்ம நாட்டுக்கு எமிகிரேஷன், அதே ஆளு குவைத்துல போய் இறங்குனா அவங்களுக்கு இமிகிரேஷன். ஏர்போர்ட்ல நாம போகும்போது முத்திரை குத்துற கவுன்டருக்கும் இமிகிரேஷன்னு தான் பேரு, போறவங்க வர்றவங்க ரெண்டு பேரையும் ஒரே டிபார்ட்மென்ட் பாக்குறதால. குழப்பமே அங்க தான் ஆரம்பிக்குது.

ஈசிஆர்னா எமிகிரேஷன் செக் ரெக்வயர்டு, வேலைக்கு வெளிநாடு போக முன்கூட்டியே அனுமதி வாங்கணும்னு அர்த்தம். அந்த அனுமதி தான் எமிகிரேஷன் கிளியரன்ஸ், மச்சானுக்கு வேண்டியது அது தான். 1983 எமிகிரேஷன் சட்டப்படி ஈசிஆர் பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க குவைத், சவுதி, மலேசியா மாதிரி 18 நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா அது கட்டாயம், இமைக்ரேட்ங்கிற அரசு வெப்சைட்ல பதியணும், 10 லட்ச ரூபா இன்சூரன்ஸும் சேர்த்து எடுக்கணும். மச்சான் பத்தாவது பாஸா? பாஸ்னா மார்க்‌ஷீட்டைக் காட்டி ஈசிஆரை எடுத்துரலாம், முதல்ல அதைப் பாருங்க. விசிட் விசால போ, கிளியரன்ஸே வேணாம்னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க. எங்க தெருப் பையன் அப்படிப் போய் நாலு மாசம் சம்பளம் இல்லாம கிடந்தான், புகார் குடுக்கக் கையில ஒரு பேப்பர் கிடையாது.

மண்டபம் டீச்சர்:
தம்பி, உங்க அம்மா சொல்றது தான் சரி. அவங்க தாயகம் திரும்பியோர். 1964 அக்டோபர்ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கிறதா கையெழுத்தாச்சு, அந்தக் கணக்குல இந்தியக் குடிமக்களா பாஸ்போர்ட் கையில வச்சுக்கிட்டு வந்தவங்க அவங்க. இலங்கைல 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் உயிருக்குப் பயந்து படகுல வந்தாங்களே, தனுஷ்கோடி கடைசில இருக்க அரிச்சல்முனை மணல்திட்டுல இறக்கி விட்டுட்டுப் போனாங்களே, அவங்க தான் அகதி. ரெண்டு பேருமே மண்டபம் கேம்ப் வழியாத் தான் வந்தாங்க, அதனால ஊர் ஒரே பேரை வச்சுருச்சு. ஆனா முதல் கூட்டத்துக்கு இந்தியக் குடியுரிமை இருக்கு, ரெண்டாவது கூட்டத்துல நிறையப் பேருக்கு, இங்கயே பொறந்த புள்ளைங்களுக்குக் கூட, அது இல்ல. 1951 அகதிகள் ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்துப் போடல, அதனால சட்டத்து முன்னாடி அவங்க வெறும் வெளிநாட்டவர் தான். 2021ல அகதிகள் முகாம்ங்கிற பேரை மறுவாழ்வு முகாம்னு அரசு மாத்துச்சு, எங்க ஸ்கூல்ல படிக்கிற கேம்ப் புள்ளைங்க இப்ப அப்படித் தான் அட்ரஸ் எழுதுதுங்க.

பாம்பன்காரன்:
புலம்பெயர்ந்தவங்க, இடம்பெயர்ந்தவங்க இதையும் சேத்துச் சொல்லிருங்க டீச்சர். சிலோன்காரங்க நாட்டுக்குள்ள மாறுனா இடம்பெயர்வு, நாட்டை விட்டே போனா புலம்பெயர்வுன்னு சரியாப் பிரிச்சுப் பேசுவாங்க. நம்ம பேப்பர்ல பீகார்லேர்ந்து வேலைக்கு வர்றவங்களையும் புலம்பெயர் தொழிலாளர்னு எழுதிடுறாங்க. 1964 புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சு போனப்ப ராமேஸ்வரம் வந்த எங்க தாத்தா இடம்பெயர்ந்தவரு. அப்புறம் தம்பி, உங்க ஊரைச் சுத்தியே பிரப்பன்வலசை, சாத்தக்கோன்வலசைன்னு இருக்குல்ல, வலசைனாலே ஊரை விட்டுக் கூட்டமாக் கிளம்புறது தான். பழைய அகராதில படைக்குப் பயந்து ஓடுறதுன்னே அர்த்தம் போட்டுருக்கு, இப்ப பறவைக்கு மட்டும் சொல்றோம்.

உச்சிப்புளி தம்பி:
ரொம்ப நன்றி. மச்சான் பத்தாவது பாஸ் தான், மார்க்‌ஷீட் பெட்டிக்குள்ள இருக்காம், நாளைக்கே எடுக்கச் சொல்லிட்டேன். டீச்சர், நீங்க எழுதுனதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். எந்திரிச்சுப் போயி தாத்தாவோட அந்தப் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வந்து என் கையில குடுத்துட்டாங்க.