கொழும்பு கடலோர ஊரா, கடைத்தெரு ஊரா?

வெள்ளவத்தையான்:
போன கிழமை திருகோணமலையிலிருந்து மச்சான் வந்திருந்தார். இரண்டு நாள் சுற்றிவிட்டு, "உங்கட ஊரில கடல் இருக்கு, ஆனா கடற்கரை ஊர் மாதிரி இல்லையே" என்றார். யோசித்தால் சரிதான். வெள்ளவத்தையில் எங்களுக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை. பின்னேரம் மரைன் டிரைவில் காற்று வாங்குவோம், ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடலில் இறால் வடை தின்போம். நம்மில் எத்தனை பேருடைய சோறு கடலிலிருந்து வருகிறது? இது கடைக்காரர்களின் ஊர்.

முகத்துவாரத்தான்:
அண்ணே, தெற்கில் இருந்துகொண்டு முழு ஊருக்கும் தீர்ப்பு எழுதுகிறீர்கள். களனி கங்கை கடலில் விழும் பக்கம் விடிய வந்து பாருங்கள், படகு வருவதும் மீன் ஏலம் போவதும் தெரியும். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, கரையெல்லாம் பிளாஸ்டிக் மணி ஒதுங்கி, மீன்பிடிக்கத் தடை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு அது டிவிச் செய்தி. எங்கள் தெருவில் அம்மாமார் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தார்கள்.

புறக்கோட்டை நானா:
குறுக்குத் தெருவில் எனக்குத் துணிக்கடை. அங்கே இருக்கிற துணி முக்கால்வாசி கப்பலில் வந்தது. அதை இறக்கித் தள்ளுவண்டியில் கொண்டுவரும் நாட்டாமைமாரில், அதுதான் சுமை தூக்குகிறவர்களில், பலர் மலையகத்துப் பிள்ளைகள். முந்தி கப்பல்கள் தெற்கே காலித் துறைமுகத்தில்தான் நின்றன. கொழும்பு திறந்த கடல், தென்மேற்குப் பருவக்காற்றில் நங்கூரம் போட்டு நிற்கவே ஏலாது. 1875இல் அலைதடுப்புச் சுவரைத் தொடங்கி, பத்து வருடம் போலக் கட்டி முடித்த பிறகுதான் காலி படுத்தது, கொழும்பு எழும்பியது. அந்தக் கல்லுச் சுவர் இல்லாவிட்டால் செட்டியார் தெருவில் இத்தனை நகைக்கடை வந்திருக்குமா?

வெள்ளவத்தையான்:
நானா, நீங்கள் சொல்வது துறைமுகம். நான் கேட்பது கடல். 2024இல் அங்கே இருபதடிப் பெட்டிக் கணக்கில் 70 லட்சத்துக்கும் மேல் கொள்கலன்கள் ஏறி இறங்கின. பெரும்பகுதி இந்தியா போன்ற நாடுகளின் சரக்கு. ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போய்விடும், ஊருக்குள் வருவதே இல்லை. துறைமுக மதிலுக்கு வெளியே நிற்பவனுக்குக் கிரேன் தலை மட்டும் தெரியும். அப்புறம், 269 ஹெக்டேர் கடலில் மண் கொட்டிப் போர்ட் சிட்டி என்று ஒரு புது நகரம். கடலை நம்பி வாழ்கிற ஊர் கடலைத் தூர்க்குமா?

முகத்துவாரத்தான்:
அந்த மதிலுக்கு உள்ளே போகிறவன் யார்? கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடை ஆட்கள். என் அப்பா முப்பது வருடம் அங்கே சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். சரக்கு ஊருக்குள் வராவிட்டாலும் சம்பளம் வந்தது. தூர்த்தது பற்றிச் சொன்னது சரி, அதில் நான் உங்கள் பக்கம். அதற்காகக் கடலில் மணல் தோண்டியபோது நீர்கொழும்பு மீனவர்கள் போராடினார்கள். கொழும்பில் கண்ணாடி மாடியில் இருந்தவர்களில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள்?

புறக்கோட்டை நானா:
அதுக்கு நானும் பதில் சொல்ல ஏலாது தம்பி. நான் கடையைப் பூட்டவில்லை.

முகத்துவாரத்தான்:
சரி, கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் கதையாவது தெரியுமா அண்ணே? கடல் கரையைத் தின்றுகொண்டு வந்தபோது மீனவர்கள் ஒரு பாதிரியாரிடம் போய்க் கெஞ்ச, அவர் மணலில் சிலுவை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது என்பார்கள். செவ்வாய்க்கிழமை அங்கே சைவம், பௌத்தம் என்று எல்லோரும்தானே நிற்கிறீர்கள்.

வெள்ளவத்தையான்:
நானும் நிற்பேன், ஓம். மெழுகுதிரி கொளுத்திவிட்டு வெளியே வந்தால் கடல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. துறைமுக மதில்தான் தெரியும்.

முகத்துவாரத்தான்:
மச்சான் இன்னும் நிற்கிறாரா? சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பை ஒன்றும் கொண்டு வாருங்கள், வெள்ளவத்தை விலைக்கு மீன் வாங்கத் தேவையில்லை.