உருளையில் இருப்பது ‘க’வா, ‘சு’வா?

வடலிக்காணி:
கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த எங்கள் ஊர் விளையாட்டு வீரர் கௌரவிப்பு விழா மலரை இப்போதுதான் வாசித்து முடித்தேன். பதினோராம் பக்கத்தில் ‘ஊரின் விளையாட்டை வளர்த்த பெருந்தகை’ என்று ஒருவருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். மைதானத்தை மட்டப்படுத்த இழுக்கும் உருளையைத் தன் சொந்தச் செலவில், பத்து மூட்டைச் சீமெந்தில் வார்த்துக் கொடுத்தாராம். அவருடைய முதலெழுத்தான ‘சு’ இன்றும் அந்த உருளையின் பக்கத்தில் இருக்கிறதாம். பொன்னாடையும் கேடயமும் இதற்குத்தான்.

அது ‘சு’ இல்லை ஐயாமாரே, ‘க’. கழகத்தின் ‘க’. அந்த உருளையை இழுத்துக் கைத்தோல் உரிந்தவன் சொல்கிறேன். மலர் அடித்தவர்கள் ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

கடைசிமாடி:
வணக்கம் அங்கிள். நீங்கள் ‘ஒருவர்’ என்று எழுதியிருப்பவர் என் அப்பா. விழாவில் நீங்கள் இரண்டாம் வரிசையில்தான் இருந்தீர்கள், பார்த்தேன். அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தும்போது கையும் தட்டினீர்கள். அப்போது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, இப்போது தெஹிவளையில் இருந்துகொண்டு எழுத்து ஆராய்ச்சி செய்கிறீர்கள். அது ‘சு’தான். அப்பா சின்ன வயதில் எனக்குக் கையைப் பிடித்துத் தடவிக் காட்டியிருக்கிறார். கண்ணை மூடினால் இப்போதும் விரலில் தெரிகிறது.

வடலிக்காணி:
தம்பி, உங்கள் விரலை நான் குறை சொல்லவில்லை. கை தட்டியது சபை மரியாதைக்கு.

நடந்ததைச் சொல்கிறேன். றோட்டு வேலைக்காரர் விட்டுப்போன தார்ப் பீப்பாய் ஒன்று ஒழுங்கை முடக்கில் கிடந்தது. அதை உருட்டிக்கொண்டு வந்தது நாங்கள் ஏழு பேர். நடுவில் இரும்புக் குழாயைச் செருகி, கல்லும் மணலும் சீமெந்தும் குழைத்து ஊற்றினோம். சீமெந்து, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் மூலம் வந்தது. அவருக்கு விழாவில் ஒரு கதிரைகூடப் போடவில்லை என்பது வேறு கதை. ஈரம் காயமுன்பு எங்களில் ஒருவன் ஆணியால் கீறினான். ‘க’ என்று கீறினான். ‘ழகம்’ கீற இடம் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் மாரி விட்டுத் தை பிறந்ததும் அதே வேலை. செம்மண் தரை. மழையில் மாடு மிதித்த குளம்புக் குழி எல்லாம் அப்படியே இறுகிப் போய்விடும். தண்ணீர் தெளித்து, ஈரம் ஆறும் பதம் பார்த்து உருளையை இழுக்க வேண்டும். பதம் தப்பினால் மண் உருளையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மலரில் இதைப் பற்றி ஒரு வரி உண்டா?

கொட்டாஞ்சேனைக் குருவி:
அண்ணைமாரே, பகிடி இல்லாமல் கேட்கிறேன். டங்கன் வைற் 1948 இல் லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டி ஓடி வெள்ளி எடுத்தார். சுசந்திக்கா 2000 இல் சிட்னியில் ஓடினார். இந்த நாட்டுக்கு ஒலிம்பிக்கில் பதக்கம் கொண்டுவந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். அவர்களைப் பற்றிக்கூட இவ்வளவு பேர் இவ்வளவு சூட்டோடு சண்டை பிடித்ததை நான் கண்டதில்லை. ஒரு தார்ப் பீப்பாய்க்கா இந்தப் பாடு?

வடலிக்காணி:
கொட்டாஞ்சேனையில் பிறந்தவருக்கு மைதானம் என்றால் ரிக்கெற் எடுத்துப் போகும் இடம். எங்களுக்கு அப்படி இல்லை. 1958 இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இந்த நாட்டுக்கு முதல் தங்கம் எடுத்துத் தந்த எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணத்துப் பெரியவிளானில் பிறந்தவர். ஹெல்சிங்கி, மெல்பேர்ண் இரண்டு ஒலிம்பிக்கும் கண்டவர். எங்கள் பக்கத்து ஊர்ப் பொடியன்கள் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லியே கயிறு கட்டிப் பாய்ந்து முழங்கால் உடைத்தார்கள். ஒரு ஊரில் விளையாட்டு வளர்வது அப்படித்தான். அதில் ஒரு பீப்பாய்க்கும் பங்கு உண்டு. அந்தப் பீப்பாயில் ‘க’ என்று இருக்கிறது.

கொட்டாஞ்சேனைக் குருவி:
சரி அண்ணை. ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினாரே, வல்வெட்டித்துறைக் கடலுக்கு உருளை போட்டது யார்? அதில் ‘க’வா, ‘சு’வா?

வடலிக்காணி:
உங்களுக்கு எல்லாம் பகிடி.

மட்டக்கோல்:
ஊர் எனக்குச் சொந்தம் இல்லை, கட்டட வேலை சொந்தம். பத்து மூட்டை என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தார்ப் பீப்பாய் ஒன்று சுமார் 200 லீற்றர் பிடிக்கும். அதை நிரப்பினால் கொங்கிறீற் ஏறக்குறைய 480 கிலோ, அரைத் தொன் என்று வையுங்கள். ஒன்றுக்கு இரண்டு மணல், நாலு கல் என்று கலந்தால் 65 கிலோ சீமெந்து போதும். அந்தக் காலத்து அந்தர் மூட்டையில், அதாவது ஐம்பது கிலோ சொச்சம் மூட்டையில், ஒன்றும் இன்னொன்றின் கால்வாசியும். கை தாராளமாகப் போட்டாலும் இரண்டைத் தாண்டாது.

வடலிக்காணி:
மட்டக்கோல் ஐயா நீடூழி வாழ்க. மிச்சம் எட்டு மூட்டை எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. அதே வருடம் ஊரில் யாருடைய வீட்டு முன்படிக்குச் சீமெந்து பூசப்பட்டது என்றும் நான் கேட்கவில்லை.

கடைசிமாடி:
கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கேட்கிறீர்கள். எங்கள் வீட்டுப் படி இப்போது இல்லை அங்கிள், வீடே இல்லை. 1990 இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஓடு, கதவு, நிலை ஒன்றும் இல்லை. கிணற்றுக் கப்பியைக்கூடக் கழற்றிவிட்டார்கள். அந்த உருளை ஒன்றைத்தான் ஒருவராலும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அதையும் இப்போது நீங்கள் தூக்கப் பார்க்கிறீர்கள்.

பத்து மூட்டை மலரில் வந்த அச்சுப்பிழையாக இருக்கலாம். ‘சு’ அச்சுப்பிழை இல்லை. அப்பு, நீங்கள் ஏழு பேர் இழுத்தீர்கள் என்றால் காசு கொடுத்தது யார்? பீப்பாயைக் கேட்டு எடுத்தீர்களா, கேட்காமல் எடுத்தீர்களா?

வடலிக்காணி:
நான் உங்களுக்கு அப்பு இல்லை. அங்கிள் என்றே சொல்லுங்கள், அதில் உள்ள நக்கலாவது பழகிவிட்டது. பீப்பாய் கேட்பாரற்றுக் கிடந்தது.

மூன்றாம்தடை:
நானும் அன்று விழாவில் இருந்தேன். கடைசி வரிசையில். ஏனென்றால் ஓடியவர்களையும் பாய்ந்தவர்களையும் அங்கேதான் இருத்தினார்கள். முன்வரிசை முழுக்க ‘வளர்த்தவர்கள்’. எங்கள் பெயர்களைப் பட்டியலாக ஒரே மூச்சில் வாசித்துச் சான்றிதழைக் கையில் திணித்து இறக்கிவிட்டார்கள். கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் ஊர்ப் பெயரைச் சொல்லி ஓடிய பெண்கள் நாங்கள். முதல் தடவை வந்தபோது முள்ளுச் சப்பாத்து இரவல், அதுவும் ஒரு அளவு பெரிது. முன்னுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டு ஓடினேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் சும்மா வந்தவர்களா? வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்து அங்குலம். அந்த உயரத்தைக் கேலி செய்த வாய்களையும் தாண்டித்தான் வலைக்குக் கீழே போய் நின்றார். 2018 இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றபோது பந்து யாரைத் தேடிப் போனது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை வைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனாவில் படித்தவர்.

கேட்கிறேன், ‘விளையாட்டை வளர்த்தவர்’ என்றால் யார்? காசு கொடுத்தவரா, காணி கொடுத்தவரா, விடிய ஐந்து மணிக்கு எங்களை எழுப்பி ஓடவைத்தவரா? அதை யாராவது சொல்லிவிட்டு எழுத்தைப் பாருங்களேன்.

வடலிக்காணி:
தங்கச்சி, மிக நல்ல கேள்வி. விழா எடுத்த சங்கம் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஆனால் நீங்கள் ஓடிய தரையை மட்டப்படுத்தியது அந்த உருளை. அதில் கீறியிருப்பது ‘க’. அதை ஒத்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானாகச் சரிவரும்.

மூன்றாம்தடை:
நான் ஓடியபோது உருளை வேலிக்கரையில் சரிந்து கிடந்தது. அதன் மேல் இருந்துதான் சப்பாத்து மாற்றுவோம். என்ன எழுத்து என்று நான் பார்க்கவில்லை, இருந்த இடம் சுட்டது மட்டும் நினைவு.

கடைசிமாடி:
பாருங்கள், அக்கா ‘க’ என்று சொல்லவில்லை.

வடலிக்காணி:
‘சு’ என்றும் சொல்லவில்லை.

மட்டக்கோல்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். தமிழ் எண்ணில் ஒன்று என்பதையும் ‘க’ போலத்தான் எழுதுவார்கள். ஊரின் முதல் உருளை என்ற கருத்தில் யாரும் கீறியிருக்கலாமே?

வடலிக்காணி:
ஐயா, மூட்டைக் கணக்கோடு நில்லுங்கள். நன்றாக இருந்தது.

கடைசிமாடி:
முதல் தடவையாக அங்கிளோடு ஒத்துப்போகிறேன். எண் இல்லை. ஆனால் ‘சு’.

கொட்டாஞ்சேனைக் குருவி:
மலரின் பதினோராம் பக்கத்தை நானும் தேடி எடுத்துப் பார்த்தேன். உருளையின் படம் இருக்கிறது. எழுத்து இருக்கும் இடத்தில் சீமெந்து உதிர்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. மேலே ஒரு கோடு தெரிகிறது, கீழே ஒரு ஓணான் இருக்கிறது. அப்புறம் இன்னொன்று, விழாவில் தின்னக் கொடுத்த ரோல்ஸ் எட்டு மணிக்கே முடிந்துவிட்டது. இரண்டாம் வரிசைக்கு அப்பால் வரவே இல்லை. அதை யார் வளர்த்தது?

வடலிக்காணி:
நான் சாப்பிட்டது ஒன்று. இரண்டு என்று யாரோ பரப்பியிருக்கிறார்கள், யார் என்று எனக்குத் தெரியும்.

ஓணானுக்கு மேலே தெரிகிறது என்ற அந்தக் கோடு ‘க’வின் மேற்கோடு. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். கடதாசியும் கரித்துண்டும் கொண்டுபோய் எழுத்தை அப்படியே தேய்த்து எடுத்து வருவேன்.

கடைசிமாடி:
அங்கிள், நானும் வருகிறேன். கரித்துண்டை நான் பிடிக்கிறேன். உங்கள் கையில் கொடுத்தால் ‘சு’வையும் ‘க’வாகத் தேய்த்துவிடுவீர்கள்.

வடலிக்காணி:
ரிக்கெற் உங்கள் காசில்.