பிரிசர்வேஷன் ஹாலுக்கு அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

செங்காங் வாசி:
டிசம்பர் பள்ளி விடுமுறையில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குச் செல்கிறோம். அங்குள்ள பிரிசர்வேஷன் ஹால் என்ற இசைக்கூடத்தில் ஒரு மாலை ஜாஸ் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உடன் வரும் அம்மாவுக்கு வயது 72; மூட்டுவலி உண்டு. சிங்கப்பூர் எஸ்பிளனேட் அரங்கின் மெத்தை இருக்கைகளுக்குப் பழகியவர். ஜாஸ் என்றாலே மதுக்கூடம்தான் என்று முகம் சுளிக்கிறார். சென்று வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஈசூன் ரசிகர்:
மதுவைப் பற்றிய கவலையை விடுங்கள். அங்கே குடிவகை விற்பதில்லை. செயின்ட் பீட்டர் தெருவில், சாயம் உரிந்த சுவர்களுடன் நம் பழைய கடைவீட்டின் முன்கூடத்தைப் போன்ற ஓர் அறை, அவ்வளவுதான். முன்வரிசையில் தரையில் திண்டு, பின்னால் சில மர பெஞ்சுகள், மற்றவர்கள் நிற்க வேண்டும். ஆகவே இருக்கை உறுதியாகும் சீட்டாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். நிகழ்ச்சி முக்கால் மணி நேரம்தான்.

ஒலிபெருக்கி கிடையாது. டிராம்போன் என்ற ஊதுகருவியை வாசிப்பவர் அதன் குழலை நீட்டும்போது திண்டில் இருந்த நான் காலை மடக்கிக்கொண்டேன். டிரம்பெட் என்ற ஊதுகருவி மெட்டைப் பிடித்துச் செல்ல, மற்றோர் ஊதுகருவியான கிளாரினெட் அதன் மேலே கொடிபோல் பின்னிப் படர, டிராம்போன் அடியில் வழுக்கியபடி பதில் சொல்ல, மூவரும் ஒரே நேரத்தில் அந்தந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசித்தும் ஒருவரையொருவர் மிதிக்காமல் போகும் அந்த வித்தையை, கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த உங்கள் அம்மா எளிதில் பிடித்துக்கொள்வார்.

தேக்கா வாசகர்:
சற்று வரலாறும் சொல்லிவிடுகிறேன். 1961-இல் ஆலன், சாண்ட்ரா ஜாஃபி தம்பதியர் இதைத் தொடங்கினார்கள் என்று சொல்வது வழக்கம். அதற்கு முன்பே, லாரி போரன்ஸ்டைன் அங்கு நடத்திய ஓவியக்கூடத்தில் முதிய கலைஞர்கள் கூடி வாசித்து வந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ராக் இசை வந்தபின் வாய்ப்பிழந்திருந்த அவர்களுக்கு இந்த அறை மேடையானது. கறுப்பரும் வெள்ளையரும் ஓரிடத்தில் கூடுவதைச் சட்டமே தடுத்த காலத்தில் அங்கே இரு இனத்தவரும் சேர்ந்து அமர்ந்து கேட்டார்கள் என்பதை நான் இசைக்கு நிகராக மதிக்கிறேன்.

அங்கே முழங்காலில் மணி கட்டிப் பியானோ வாசித்த ஸ்வீட் எம்மா பாரெட், 1967-இல் பக்கவாதத்தால் இடக்கை செயலிழந்த பிறகும் வலக்கையாலேயே தொடர்ந்து வாசித்தார். 2005-இல் கத்ரீனா புயலால் மூடப்பட்ட கூடம் மறு ஆண்டே திறந்தது. 'வென் த செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்' பாடலை வாசிக்கச் சொல்வோருக்குக் கட்டணம் மிக அதிகம் என்று ஒரு பலகையே அங்கு உண்டு. தினமும் அதையே வாசித்துச் சலித்தவர்களின் குறும்பு!

செங்காங் வாசி:
இருவருக்கும் நன்றி. எம்மா அம்மையாரைப் பற்றி வாசித்துக் காட்டினேன். "சலங்கை கட்டியா பியானோ வாசித்தார்?" என்று கேட்ட அம்மா, இப்போது முன்வரிசைத் திண்டுதான் வேண்டும் என்கிறார். நான் பெஞ்சுக்கே சீட்டு எடுக்கப்போகிறேன்.